ஐஸ் ஷெட்டு ஆலிஸும் ஏழு வெடைக்கோழிகளும்

எர்ணாவூர் குடியிருப்பில் வந்து ஆலிஸ் வீடு எது என்று கேட்டால், எந்த ஆலிஸ் என்று திருப்பிக் கேட்பார்கள். இங்கே ஆலிஸ் மூன்று பேர். ஐஸ் ஷெட்டு ஆலிஸ் என்று சொல்லிவிட்டால் போதும், கையைப் பிடித்துக் கூட்டிவந்து என் பக்கத்து வீட்டு வாசலில் விட்டுவிடுவார்கள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். அவள் அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் நான் ‘இயேசுவே’ என்பேன். அவளைப் பற்றிச் சொல்ல என்னைவிட யாருக்கு உரிமை இருக்கிறது? கொஞ்சம் என் பக்கம் சாய்த்துச் சொல்வேன். அதற்கு மேல் பொய் இருக்காது.

காசிமேட்டில் இறால் உரிக்கிற ஷெட்டில் இருபத்தாறு வருஷம் இருந்தவள் அவள். விசைப்படகில் வந்த இறாலை ஐஸோடு மேசையில் கொட்டுவார்கள். தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகில் ஓடுகிற கறுப்புக் குடலை இழுத்துப் போட வேண்டும். இறாலுக்குச் சூடு பட்டால் கெட்டுவிடும். ஆகவே உரிக்கிற கையும் சூடாகக் கூடாது. விரல் வலித்தால் அந்த ஐஸ் தண்ணீரிலேயே இன்னொரு தரம் முக்கிக்கொள்வார்கள். வலி தெரியாமல் போய்விடும். ரப்பர் உறை கொடுத்துத்தான் இருந்தார்கள். அதைப் போட்டால் வேகம் வராது என்று ஒருத்தியும் போடவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஆலிஸ் இரண்டு கையையும் கக்கத்தில் செருகிக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பாள். டீ கொடுத்தால் டம்ளரை உள்ளங்கைகளால் அணைத்துப் பிடித்துக்கொள்வாள், குடிக்க மாட்டாள். அடுப்பில் இருந்து குண்டானைத் துணி இல்லாமல் இறக்குவாள். ‘ஆலிஸ் கை இரும்புக் கை’ என்று நாங்களெல்லாம் மெச்சினோம். மெச்சினோமே, அதை இப்போது நினைத்தால்... சரி, அது அப்புறம் வரும்.

அவள் புருஷன் கஸ்பார். கப்பலில் ஏற்றிய கண்டெய்னர் பெட்டிகளைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டுகிற வேலை பார்த்தவன். வயசானதும் ஒரு யார்டில் வாட்ச்மேன் ஆகிவிட்டான். நல்லவன், வாய்தான் நீளம். பிள்ளை இல்லை அவர்களுக்கு. அதைப் பற்றி ஆலிஸ் பேச மாட்டாள், நானும் பேசப்போவதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் கையின் வேகம் குறைந்தது. பத்து பெண்கள் முன்னால் மேஸ்திரி அவளை மேசையின் ஓரத்துக்குத் தள்ளி உட்காரச் சொன்னான். அன்றைக்கே எழுந்து வந்துவிட்டாள். வந்து, இரண்டு வருஷம் வெயிலில் கையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்றாள். நானும் நம்பினேன். போன வருஷம் வெயில் காலத்தில் ஒரு நாள் என்னிடம் வந்தாள்.

“யக்கா, எனக்கு ஒரு ஆசை கீது. சிரிக்கக் கூடாது.”

“சொல்லுடி. சிரிக்கறதா வேணாவான்னு அப்பால பாக்கலாம்.”

“எட்டு வயசுல நான் ராயபுரத்துல இருக்கசொல்ல, பக்கத்து வூட்டுக் கோயி வலைக் குவியல்ல முட்ட போட்டுட்டு எய்ந்து போச்சு. நான் ஓடிப்போய் எட்த்துட்டேன். அய்யோ, இன்னா சூடு தெரியுமா யக்கா? ஜொரம் வந்த கொயந்த நெத்தி மாதிரி. அப்டியே கையில வச்சினு நின்னேன். அந்தப் பொம்பள வந்து புடுங்கினு, தலையில நறுக்குனு ஒண்ணு போட்டா. அதோட போச்சு. அப்பால இந்தக் கைக்கு எல்லாம் ஐஸுதான்.”

“அதுக்கு இன்னா இப்போ?”

“எங்கோயி போடணும். அது எய்ந்து போன ஒடனே நான் எட்த்து இந்தக் கையில வச்சினு இருக்கணும். ஆறிப் போற வரைக்கும். யாரும் புடுங்கக் கூடாது. அவ்ளோதான்.”

நான் சிரிக்கவில்லை. அவள் பின்னால் வந்து நின்ற கஸ்பார்தான் சிரித்தான். “கடையில தட்டுத் தட்டா அடுக்கி வச்சிகிறான். ஒண்ண வாங்கி வெயில்ல வையி, சூடாவுது. இதுக்குப் போயி கோயி வளக்கணுமா?”

“அது செத்த சூடுய்யா,” என்றாள் ஆலிஸ்.

ஜூன் மாதம் மீஞ்சூர் பக்கம் இருந்து ஏழு நாட்டுக் குஞ்சுகள் வந்தன. எல்லாம் பெட்டை, இரண்டு மாதம் ஆனவை. இன்னும் முட்டைக்கு வராத இளம் பெட்டையை வெடைக்கோழி என்போம். உடைந்த மீன் பெட்டிகளை அடுக்கி, கிழிந்த இழுவலையை மேலே போர்த்தி, மாடிப்படிக்குப் பின்னால் கஸ்பாரே கூண்டு கட்டினான். கண்டெய்னர் கட்டின கை. புயலே வந்தாலும் அசையாது என்று அவனே அவனைப் பாராட்டிக்கொண்டான்.

அந்த ஏழையும் ஆலிஸ் வளர்த்ததை நான் என்னவென்று சொல்ல! காலையில் எழுந்ததும் ஜெபம்கூடச் சொல்லாமல் கூண்டுக்குப் போவாள். ஒவ்வொன்றையும் தூக்கி மூக்கில் சளி இருக்கிறதா, கண்ணில் நுரை இருக்கிறதா என்று பார்ப்பாள். எச்சத்தைக் குச்சியால் கிளறிப் பார்ப்பாள். தண்ணீரில் மஞ்சள் போடுவாள். இறக்கைக்கு அடியில் பேன் வந்ததென்று வேப்பிலையை அரைத்துப் பூசி, அடுப்புச் சாம்பலையும் மணலையும் கலந்து குழியில் கொட்டினாள். அவை அதில் புரண்டு புரண்டு எழுந்து எங்கள் துவைத்த துணிமேல் உதறின. சண்டைக்குப் போனேன். “துணிய நாளைக்குத் தொவைக்கலாம். பேனு நாளைக்கு ரெண்டாயிடும்” என்றாள். துணியை எடுத்து மறுபடியும் ஊறப்போட்டேன்.

வெள்ளைக் கழிச்சல் வந்தால் கூண்டோடு போய்விடும் என்று, திருவொற்றியூர் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஊசி போட ஏழையும் இரண்டு கூடையில் வைத்து ஷேர் ஆட்டோவில் கொண்டுபோனாள். நானும் கூடப் போனேன். ஆட்டோக்காரன் திரும்பிப் பார்த்து, “இன்னா ஆலிஸக்கா, ஏயு பேருக்கும் சேத்துத்தானே சீட்டு?” என்றான். “அதுங்க ஒன்ன மாதிரி கூவாது, பேசாம ஓட்டு” என்றாள். அங்கே கௌசர் என்று ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு, பூப்போட்ட துணியைத் தலையில் சுற்றியிருந்தாள். ஒவ்வொன்றின் இறக்கையையும் தூக்கி ஊசி போட்டாள். “எப்ப டாக்டர் முட்ட போடும்?” என்று ஆலிஸ் கேட்டாள். “இன்னும் மூணு மாசமாவது ஆகும். அவசரப்படாதீங்க” என்றாள் டாக்டரம்மா.

அவசரப்படாதீங்க. சொல்வது சுலபம். ஆலிஸ் தினம் அந்தச் சுவரைத் தட்டி, “யக்கா, எப்ப போடும்?” என்று கேட்டால் எனக்கு என்ன தோன்றும்? எங்கள் அம்மா எண்ணூர் ஆற்றில் மட்டி பொறுக்கினவள். எங்கள் வீட்டில் கோழிக்கு மட்டிச் சிப்பியை இடித்துத்தான் போடுவோம். முட்டை ஓடு கல் மாதிரி இருக்கும். அதைச் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் முகத்துவாரத்துக்குப் போய் அரைச் சாக்கு சிப்பி பொறுக்கிவந்து, என் வீட்டு உரலிலேயே இடித்துக் கொடுத்தேன்.

“ஒரு சிட்டிக போதும்டி,” என்றேன். இதை நான் சொன்னேன். இதற்கு மாதா சாட்சி.

ஆலிஸ் வேறு கணக்குப் போட்டாள். முட்டை ஓடு சிப்பிதானே? ஓட்டுக்கு வேண்டியது உள்ளே சீக்கிரம் சேர்ந்துவிட்டால் முட்டையும் சீக்கிரம் வந்துதானே ஆக வேண்டும்? சிட்டிகை போதுமா, கை நிறையப் போட்டாள். தனியாக வைத்தால் அவை கொத்தாமல் ஒதுக்குகின்றன என்று கம்பங்கஞ்சியில் குழைத்துக் கலந்து வைத்தாள். ஒதுக்க வழியில்லாமல் தின்றன. ஷெட்டுக்காரிக்கு அது ஒன்றுதானே பழக்கம். இன்னும் கொஞ்சம் வேகம், இன்னும் கொஞ்சம் வேகம்!

மூன்று வாரத்தில் கோழிகள் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தன. சும்மா குடிப்பதில்லை, பாத்திரத்தைவிட்டு நகராமல் குடித்தன. எச்சம் சுண்ணாம்பு கரைத்தது மாதிரி வெள்ளை வெளேரென்று போனது. மொட்டைக்கழுத்து ஒன்று இருந்தது, அதுதான் கூட்டத்திலேயே ரவுடி. அது காலை இழுத்து இழுத்து நடந்து, பிறகு நடக்கவே இல்லை.

நான் பார்த்தேன். வெள்ளையாகப் போகிறது என்றால் வெள்ளைக் கழிச்சல்தானே? சின்ன வெங்காயம், சீரகம், மஞ்சள், கீழாநெல்லி எல்லாம் அரைத்து உருண்டை பிடித்துத் தொண்டையில் தள்ளச் சொன்னேன். அதோடு விட்டேனா?

“தண்ணிய கொறைடி. குடிக்கிறதாலதான் கயியிது.”

“பாவம்க்கா, ஏங்குது.”

“ஏங்கட்டும். சொல்றத செய்யி.”

செய்தாள். நான் சொன்னால் செய்வாள். இரண்டாம் நாள் மொட்டைக்கழுத்து செத்தது. மூன்றாம் நாள் ஒரு செவலை செத்தது.

செவலையைச் செய்தித்தாளில் சுற்றிக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆலிஸ் டாக்டரம்மாவிடம் போனாள். நானும் போனேன். டாக்டரம்மா கையுறை மாட்டிக்கொண்டு, கத்தியால் கீறித் திறந்து எங்களைக் கிட்டே கூப்பிட்டுக் காட்டினாள். ஈரலின் மேல், இதயத்தின் மேல், எல்லாவற்றின் மேலும் கோலமாவு தூவினது மாதிரி வெள்ளை. முதுகுப் பக்கம் சிறுநீரகம் வீங்கி, உள்ளே சுண்ணாம்பு இழை இழையாக அடைத்திருந்தது.

“இது கழிச்சல் நோய் இல்லை. அதுக்குத்தான் ஊசி போட்டாச்சே. என்ன தீனி கொடுத்தீங்க?”

ஆலிஸ் என்னைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன், சிப்பி என்று.

“இந்த வயசிலயா?”

“எங்கம்மா காலத்துலேர்ந்து போடறோம் டாக்டரம்மா. ஒண்ணும் ஆனதில்ல.”

“ஆயா, உங்க அம்மா போட்டது முட்டை போட்டுக்கிட்டிருக்கிற கோழிக்கு. இதுங்க இன்னும் முட்டைக்கே வரலையே. உடம்பு அவ்வளவு சுண்ணாம்பை எங்கே கொண்டுபோய் வைக்கும்? சிறுநீரகத்துலதான் போய் அடைக்கும்.”

“அப்போ சிப்பியே கூடாதா?”

“கூடும். தனியா ஒரு கிண்ணத்துல வைங்க. எப்ப வேணுமோ அதுங்களே கொத்திக்கும். நீங்க கஞ்சியில கலந்து, வேண்டாம்னு விட வழியில்லாம பண்ணிட்டீங்க. நிறையத் தண்ணி கொடுங்க. தண்ணிதான் இதுக்கு மருந்தே.”

தண்ணீர்தான் மருந்தே. அப்போது நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“மிச்சம் அஞ்சு கீது டாக்டர். அதுங்க முட்டைக்கு வருமா?” என்றாள் ஆலிஸ்.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினாள். “சொல்ல முடியாதும்மா. ஒண்ணு ரெண்டு வரலாம். வராமலும் போகலாம்.”

வீட்டு வாசலில் வந்து நின்று ஆலிஸ் சொன்னாள்: “நீ சொன்னது சிட்டிக. நான் போட்டது ஒரு கை. உம்மேல ஒண்ணும் இல்லக்கா.” தண்ணீரைப் பற்றி அவள் சொல்லவே இல்லை. திட்டியிருந்தால் நானும் நாலு பேசித் தீர்த்திருப்பேன். சிப்பி நல்லதுதான், நான் சொன்னதில் தப்பில்லை, நேரம்தான் தப்பு என்று இன்றைக்கும் சொல்வேன். தண்ணீருக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

அன்றில் இருந்து கூண்டில் நாலு மூலைக்கும் தண்ணீர். சிப்பித்தூள் ஒரு ஓரமாக அலுமினியக் கிண்ணத்தில் கிடந்தது. ஒன்றும் அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஐந்தும் மெல்ல மெல்லத் தேறின. எச்சம் இறுகியது. ஆனால் கொண்டை ஏறவில்லை. முட்டைக்கு வருகிற பெட்டைக்குக் கொண்டை செம்பருத்தி மாதிரிச் சிவக்கும். இவற்றுக்கு வெளுத்த ரோஜா நிறத்திலேயே நின்றுவிட்டது.

ஆலிஸ் காத்திருந்தாள். வேறு என்ன செய்வாள்? வைக்கோல் போட்ட பெட்டிக்கு எதிரில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, தினம் காலை ஏழு மணியில் இருந்து பத்து மணி வரைக்கும் உட்கார்ந்திருப்பாள். இரண்டு உள்ளங்கையும் மடியில் திறந்தே இருக்கும், பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகிறவள் மாதிரி. மணலி ஆலைகள் பக்கம் இருந்து காற்று அடித்தால் எங்களுக்கெல்லாம் மூக்கு எரியும், கதவைச் சாத்துவோம். அவள் முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு அங்கேயே இருப்பாள்.

மழைக்காலம் வந்தது. கூண்டில் தண்ணீர் ஏறியது. கஸ்பார் கட்டின கட்டு அசையவில்லை, கோழிதான் நனைந்தது. ஈரத்தில் இருந்தால் சளி பிடிக்கும், குடலில் புழு வைக்கும் என்று ஐந்தையும் வீட்டுக்குள் கொண்டுவந்தாள். பத்து நாள் ஒற்றை அறையில் ஐந்து கோழியும் இரண்டு மனுஷரும். கஸ்பார் என் வாசலில் வந்து நின்று புலம்புவான்.

“யக்கா, கட்டில் மேல படுத்தா கட்டிலுக்குக் கீய ஒண்ணு கொறட்ட உடுது. சட்டைய எட்த்தா உள்ள ஒண்ணு குந்தினுகீது. என் பயய ஹெல்மெட்டுக்குள்ள ஒண்ணு தூங்குது. நான் எங்க போறது?”

“நீ போயி கூண்டுல படுடா.”

“போவேன். அவ என்னையும் தூக்கி மூக்குல சளி கீதான்னு பாப்பா.” பிறகு ஆலிஸ் காதில் விழுகிற மாதிரிச் சத்தமாகச் சொல்வான்: “கிறிஸ்மஸ் வரைக்கும் பாப்பேன். போடலன்னா அஞ்சும் பிரியாணி. சாமியாரையே சாப்பாட்டுக்குக் கூப்புடப்போறேன்.”

“கூப்புடு,” என்று உள்ளே இருந்து ஆலிஸ் குரல் வரும். “தட்டுல ஒன்னத்தான் வப்பேன்.”

வாய்தான் அவனுக்கு அப்படி. டிசம்பர் நடுவில் ஒரு நாள் காலை, ஆலிஸ் குழாயடிக்குப் போயிருந்த நேரம், கஸ்பார் என் வாசலுக்கு வந்தான். லுங்கி மடிப்பில் எதையோ பிடித்திருந்தான்.

“யக்கா, நீ வாயத் தொறக்கக் கூடாது.”

நாட்டுக்கோழி முட்டை. கடையில் வாங்கி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்துவந்திருக்கிறான். நான் தொட்டுப் பார்த்துவிட்டு இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாகத் தூக்கிப் போட்டேன்.

“டேய், இது கோயி போட்டதா, அடுப்பு போட்டதா? கொஞ்சம் ஆற வையிடா!”

“அவ வந்துடுவா யக்கா. தெனம் அப்டி கைய விரிச்சி வச்சினு குந்திகிறாளே... என்னால பாக்க முடியல.”

திட்டாமல் முட்டையை அவனிடமே திருப்பிக் கொடுத்தேன். அவன் ஓடிப்போய் வைக்கோல் பெட்டியில் முட்டையை வைத்துவிட்டு, படிக்கட்டில் நின்று பீடி பற்றவைக்கிற மாதிரிப் பாவனை செய்தான்.

ஆலிஸ் குடத்தோடு வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். குடத்தை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. மண்டியிட்டு, முட்டையை எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மூடிக்கொண்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மலர்ந்த முகம் மெல்லச் சுருங்கியது.

“யக்கா,” என்றாள். “இது ஜில்லுனு கீதே. போட்டு ரொம்ப நேரம் ஆயிடுச்சா? நான் தண்ணிக்குப் போவசொல்லவே போட்டுச்சா?”

கஸ்பாரால் தாங்க முடியவில்லை. “ஜில்லுனா? அடியேய், எங்கையே வெந்து போச்சுடி!” என்று சிவந்த உள்ளங்கையைக் காட்டிவிட்டான்.

காட்டின பிறகுதான் என்ன செய்தோம் என்று அவனுக்கே புரிந்தது. ஆலிஸ் கையைத் திறந்தாள். முட்டை கீழே விழுந்து வெடித்தது. உடைந்து ஓடவில்லை, பாதி வெந்த வெள்ளைக்கரு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அவள் அதைப் பார்க்கவில்லை. தன் உள்ளங்கையைப் பார்த்தாள். அவன் கையைப் போலவே அதுவும் சிவந்திருந்தது. ஆனால் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலால் விரலைக் கிள்ளிப் பார்த்தாள். நகத்தால் அழுத்திப் பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

குண்டானைத் துணி இல்லாமல் இறக்கிய கை. இரும்புக் கை என்று நாங்கள் மெச்சிய கை.

கஸ்பார் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். பல வருஷக் குளிரில் விரல் நரம்பு செத்திருக்கிறது, கொஞ்சம் திரும்பலாம், எல்லாம் திரும்பாது என்று மாத்திரை கொடுத்தார்கள். அவள் அதன் பிறகு கூண்டுப் பக்கம் போகவே இல்லை. வாளி நிமிர்ந்து கிடந்தது. என்னிடம் வந்து, “யக்கா, நீ தீனி வையி. முட்ட வந்தா நீயே எட்த்துக்கோ” என்றாள்.

“நான் எதுக்குடி எட்த்துக்கணும்? ஒங்கோயி.”

“எங்கோயிதான். எங்கையிதான் என்னுது இல்ல.”

கிறிஸ்மஸ் வந்தது. கஸ்பார் பிரியாணி என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. குடியிருப்பே நட்சத்திரம் கட்டியது. அவர்கள் வீட்டில் அவனே ஏறி ஒன்றைக் கட்டினான். அவள் பூசைக்கு வந்தாள், போனாள். யாராவது கை கொடுத்தால் கும்பிடு போட்டு நகர்ந்துகொண்டாள்.

நான் விடவில்லை. நான் ஒன்றைப் பிடித்தால் விடுகிறவள் இல்லை, கோழியானாலும் மனுஷி ஆனாலும். காலையும் மாலையும் தீனி வைத்தேன், ஈர வைக்கோலை மாற்றினேன். வாரம் ஒரு தரம் ஒவ்வொன்றையும் தூக்கிப் பின்பக்கம் இடுப்பெலும்பைத் தடவிப் பார்த்தேன். இரண்டு எலும்புக்கும் நடுவில் ஒரு விரல்தான் போகிறது என்றால் இன்னும் நாள் இருக்கிறது. இரண்டு விரல் போனால் பக்கத்தில் வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் ஒரு விரல்தான். சுவரைத் தட்டி, “ஒரு விரலுதாண்டி!” என்று கத்துவேன். அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. இருந்தாலும் கத்துவேன்.

பொங்கல் முடிந்த வாரம். கருப்பி என்று ஒன்று, அதன் கொண்டையில் திடீரென்று ரத்தம் ஏறியிருந்தது. முதுகில் கை வைத்தால் ஓடாமல் பதுங்கி உட்கார்ந்தது. அலுமினியக் கிண்ணத்துக்குப் போய், யாரும் சொல்லாமல், நாலு சிப்பித் துண்டைக் கொத்தி விழுங்கியது. தூக்கிப் பார்த்தேன்.

“ரெண்டு விரலு! ஆலிசு, ரெண்டு விரலு!”

பதில் இல்லை.

மறுநாள் கருப்பி நிலைகொள்ளவில்லை. தொண்டைக்குள்ளேயே கேறிக்கொண்டு அங்கும் இங்கும் அலைந்தது. வைக்கோல் பெட்டியில் ஏறியது, இறங்கியது. மழைக்காலத்தில் வீட்டுக்குள் இருந்த பழக்கமோ என்னமோ, நேராக ஆலிஸ் வீட்டுக்குள் போனது. நான் பின்னாலேயே போனேன். ஆலிஸ் சுவரைப் பார்த்துக் கட்டிலில் படுத்திருந்தாள். கருப்பி கட்டிலுக்கு அடியில் நுழைந்து, கந்தல் துணி போட்டு மல்லாந்து கிடந்த கஸ்பாரின் மஞ்சள் ஹெல்மெட்டில் துணியைச் சீய்த்துவிட்டு, அதற்குள் ஏறி உட்கார்ந்தது.

“அசையாதடி,” என்றேன்.

“இன்னாக்கா?”

“கீய வந்துகீது. அசையாத.”

அவள் அசையவில்லை. நான் கதவு ஓரமாகத் தரையில் குந்தினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். வெளியே துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் வரிசையில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. கருப்பி கண்ணை மூடித் திறந்தது, எழுந்து நின்று முக்கியது, திரும்ப உட்கார்ந்தது. எனக்கு வீட்டில் அடுப்பில் சோறு இருந்தது. கருகட்டும் என்று இருந்துவிட்டேன். கடைசியில் அது துள்ளி வெளியே வந்து, தெருவே கேட்கிற மாதிரிக் கொக்கரித்துக்கொண்டு வாசலைத் தாண்டி ஓடியது.

ஹெல்மெட்டுக்குள் சின்னதாக ஒரு முட்டை. ஈரம் காயவில்லை. ஓரத்தில் நூல் மாதிரி ரத்தக் கோடு.

“எட்றி,” என்றேன்.

“நீ எடு.”

“எனக்கு எதுக்கு? நான் எட்க்க மாட்டேன்.”

“எனக்குத் தெரியாதுக்கா அந்தச் சூடு. எட்த்தும் இன்னா பிரயோஜனம்?”

“அப்போ அங்கியே கெடக்கட்டும். ஆறட்டும். அயுகட்டும். இந்த ஹெல்மெட்டோட நாறட்டும். நான் தொட மாட்டேன், ஒம்புருஷனையும் தொட உட மாட்டேன்.”

காலை நீட்டி வாசலை அடைத்து உட்கார்ந்துகொண்டேன். அவள் என்னை முறைத்தாள். நானும் முறைத்தேன். எனக்கு உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. ஆறிக்கொண்டிருக்கிறதே, ஆறிக்கொண்டிருக்கிறதே என்று. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

அவள்தான் இறங்கினாள். மண்டியிட்டுக் கட்டிலுக்கு அடியில் கையை விட்டு, எங்கே அழுத்திவிடப் போகிறோமோ என்று பயந்து பயந்து எடுத்தாள். இரண்டு உள்ளங்கையிலும் வைத்து மூடினாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். என்னைப் பார்த்துத் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாள். இல்லை. ஒன்றும் இல்லை.



அவள் முட்டையைக் கீழே வைக்கப் போனாள். வைக்கவில்லை. என்ன நினைத்தாளோ, மெதுவாகத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு, மூடின இமையின் மேல் வைத்தாள்.

அப்படியே இருந்துவிட்டாள். மண்டியிட்டபடி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஒரு கண்ணின் மேல் அந்தச் சின்ன முட்டை. அவள் தோள் கீழே இறங்கியது. யார்டில் இருந்து வந்துகொண்டிருந்த கஸ்பார் கருப்பியின் சத்தம் கேட்டு ஓடி வந்து, என் காலைத் தாண்ட முடியாமல் வாசலில் நின்றான். வாயைத் திறந்தான். அவன் காலில் ஒரு கிள்ளு கிள்ளினேன், மூடிக்கொண்டான்.

என்னால்தான் இருக்க முடியவில்லை.

“இன்னாடி? தெரியுதா?”

ஆலிஸ் கண்ணைத் திறக்கவில்லை.

“இரு யக்கா,” என்றாள். “இன்னும் ஆறல.”